கொழும்பு 1942: ஆகாயத் தாக்குதலின் பின் ஒரு நகரம் பிழைத்த வரலாறு பற்றிய சில குறிப்புகள்

அணுக்குண்டு வீசப்பட்ட ஒரு நகரம் அதன் பின்னர் எவ்வாறு உயிர்வாழும் என்னும் வினா 1945 ஓகஸ்ட் மாதத்திலிருந்து உலகின் பல மொழிகளிலும் கேட்கப்பட்டு வந்துள்ளது. வல்லரசுகளின் பாதுகாப்புத் திணைக்களங்கள் அதனை நிலவறைகளின் எண்ணிக்கையாகவும், கதிர்வீச்சின் அளவாகவும், மருத்துவமனைக் கட்டில்களின் தொகையாகவும் கணக்கிட்டுள்ளன. புனைகதையாசிரியர்கள் தப்பிப் பிழைத்த ஒரு சிற்றூரையும் அதன் மாந்தரையும் கற்பித்துக்கொண்டு மனித இயல்பின் உயர்வு தாழ்வுகளை ஆராய்ந்துள்ளனர். இவ்விரு திறத்தார் கணக்கிலும் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கேள்வி ஒன்றுண்டு. குண்டு விழுந்த மறுநாட் காலையில் துறைமுகத்திலே நிற்கும் கப்பலிலிருந்து அரிசி மூட்டையை இறக்குபவர் யார்? நகரத்தின் கழிவை அகற்றுபவர் யார்? அவர்கள் போய்விட்டால் எஞ்சி நிற்கும் சுவர்களை நகரம் என்று சொல்லத் தகுமா?

இலங்கை அணுக்குண்டைக் கண்டதில்லை. ஆயினும் மேற்கூறிய வினா கொழும்பு நகரத்தின் முன் ஒருமுறை மிகச் சிறிய அளவில், ஆனால் மிகத் தெளிவாக, எழுப்பப்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றுக்குத் தலைமை தாங்கியவர் மிற்சுவோ புச்சிடா. 1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய விமானங்களை வழிநடத்தியவரும் அவரே. மூன்றாண்டுகளின் பின், ஹிரோஷிமாவில் அணுக்குண்டு விழுந்த மறுநாள், அழிவை ஆராயும் பணியில் அந்நகரத்தினுள் சென்றவர்களுள்ளும் அவர் ஒருவராயிருந்தார். ஒரே மனிதரின் வாழ்க்கையில் கொழும்பும் ஹிரோஷிமாவும் இவ்வாறு சந்தித்துக்கொள்கின்றன. அழிவின் அளவில் இவ்விரு நகரங்களையும் ஒப்பிடுதல் பேதைமையாகும். அழிவின் பின் ஒரு நகரத்தை நகரமாக நிலைநிறுத்துபவர் யார், அவர்களுக்கு அந்நகரம் பின்னர் செய்த கைம்மாறு யாது என்ற வகையில் ஒப்பிடலாம். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

தாக்குதலைப் பற்றிய செய்திகள் பலரும் அறிந்தவையாதலின் சுருக்கமாகக் கூறினாற் போதும். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. அம்மாத இறுதிக்குள் அந்தமான் தீவுகளும் யப்பானியர் வசமாயின. வைஸ் அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்துள் நுழைந்தன. பிரித்தானியரின் கிழக்குக் கடற்படையை அழிப்பது அவற்றின் நோக்கம்; இலங்கையைக் கைப்பற்றுவதன்று. ஏப்ரல் 4ஆந் திகதி கொக்கலையிலிருந்து பறந்து சென்ற கனேடிய விமானி லெனாட் பேர்ச்சோல் இக்கப்பல்களைக் கண்டு, தம் விமானம் சுடப்படுமுன் செய்தியனுப்பினார். கப்பல்களிற் பல முன்னரே துறைமுகத்தை விட்டு அகற்றப்பட்டிருந்தன. மறுநாட் காலை ஏழரை மணிக்குப் பின்னர், ஏறத்தாழ 125 விமானங்கள் துறைமுகத்தையும் இரத்மலானை விமான நிலையத்தையும் சூழவுள்ள இடங்களையும் தாக்கின. ரெனிடோஸ் என்னும் நாசகாரிக் கப்பலும் ஹெக்ரர் என்னும் ஆயுதந்தாங்கிய வணிகக் கப்பலும் துறைமுகத்திலே மூழ்கின. அங்கொடையிலிருந்த மனநோய் மருத்துவமனையின் மீதும் குண்டுகள் விழுந்தன, நோயாளர் மாண்டனர். அன்று பிற்பகலில் டோசெட்ஷயர், கோண்வோல் என்னும் இரு போர்க்கப்பல்கள் தென்மேற்குக் கடலில் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் இறந்தனர். நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கியது. பின்னர் நகுமோவின் கப்பல்கள் திரும்பிப் போயின. மறுபடி வரவேயில்லை.

கொழும்பு நகரத்தினுள் குண்டு விழுந்தது சிறிது நேரம் மட்டுமே. இறந்தோர் தொகை ஹிரோஷிமாவுக்கோ, கல்கத்தாவின் பஞ்சத்துக்கோ அருகில் வைத்து எண்ணத்தக்கதன்று. ஆனால் அந்தச் சிறிது நேரம் நகரத்தின் சமூக அமைப்பைக் கண்ணாடிபோற் காட்டிவிட்டது. இராணுவ வரலாற்றாசிரியர்கள் பேர்ச்சோலின் துணிவைப் பற்றியும், ராடார் எச்சரிக்கை ஏன் கிடைக்கவில்லை என்பது பற்றியும் இன்றுவரை எழுதி வருகின்றனர். நமக்கு வேண்டியது பிற்பகலிலிருந்து தொடங்கும் கதை.

பிற்பகலிலிருந்து கொழும்பு காலியாகத் தொடங்கிற்று. சிங்கப்பூர் வீழ்ந்த நாளிலிருந்தே சிலர் வெளியேறி வந்தனர். இப்பொழுது அது பெருக்கெடுத்தது. புகையிரதங்களிலும், மாட்டு வண்டிகளிலும், கால்நடையாகவும் மக்கள் போயினர். 'மக்கள் ஓடினர்' என்று பொதுப்பட எழுதிவிடுவது எளிது. யார், எங்கே, எதை நம்பி ஓடினர் என்று வகுத்து நோக்கினாலன்றி அவ்வோட்டத்தின் பொருள் விளங்காது. கொழும்புத் தமிழரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அக்காலத்தில் இரண்டு கொழும்புகள் இருந்தன. தெற்கே வெள்ளவத்தை, வடக்கே துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, செட்டியார் தெரு. ஆண்டுக்கொருமுறை ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுத் தெற்கே போகும்போது இவ்விரு கொழும்புகளும் ஒரே வீதியில் நின்று கும்பிட்டன. மற்ற நாட்களில் அவற்றிடையே மொழியொன்றைத் தவிரப் பொதுவானது அதிகமில்லை.

வெள்ளவத்தையின் தமிழ்க் குடியிருப்பு அரசாங்க உத்தியோகத்தின் மீது எழுந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்று, லிகிதராகவும் கணக்காளராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் அமர்ந்த மத்தியதர வர்க்கத்தினர், கரையோரப் புகையிரதப் பாதையை அண்டி வீடு எடுத்தனர். இவர்களுக்கு 'ஊர்' என்று ஒன்று இருந்தது. வீடும் வளவும் அங்கே, சம்பளம் இங்கே. யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத்தை மணியோடர்ப் பொருளாதாரம் என்று வழங்கியமை காரணமின்றியன்று. 1942இல் இவ்வர்க்கத்துக்குத் தப்பியோடுதல் பயண ஏற்பாட்டுப் பிரச்சினையாக மட்டுமே இருந்தது. மனைவி மக்கள் யாழ்தேவிக்கு முந்திய அந்நாளைய வடபகுதி வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். ஆண்கள் அலுவலகத்துக்காகத் தங்கினர். வாசலிற் கரித்தாள் ஒட்டி இருட்டடிப்புச் செய்த வீடுகளில் அவர்கள் சமைத்துண்ட காலத்தைப் பற்றிய கதைகள் அக்குடும்பங்களில் வேடிக்கைக் கதைகளாகவே வழங்கி வந்தன. அவ்வேடிக்கை வர்க்க நிலைமையின் விளைவு. போவதற்கு இடமுள்ளவனுக்கே ஓட்டம் வேடிக்கையாகும். (அதே வெள்ளவத்தையிலிருந்து 1958இலும் 1983இலும் அவ்வர்க்கமே கப்பலேறி வடக்கே போக நேர்ந்தபோது அதை வேடிக்கையாகச் சொன்னவர் எவருமிலர்.)

வடக்கே நிலைமை வேறு. கொழும்புத் துறைமுகத்திலே சரக்கு ஏற்றி இறக்கியவர்களிலும், புறக்கோட்டையில் மூட்டை சுமந்த நாட்டாமைகளிலும், மாநகரசபையின் நகரசுத்தித் தொழிலாளரிலும் மிகப் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்தோர். தனியார் கம்பனிகளின் கீழ், கங்காணிமாரின் கையில், நாட்கூலிக்கு உழைத்தவர்கள். தோட்டங்களிலே குடிசைகள், 'தோட்டம்' என்னும் சொல் கொழும்பில் பூந்தோட்டத்தையோ தேயிலைத் தோட்டத்தையோ குறியாது, நெருக்கமாக அடைந்த ஏழைக் குடியிருப்பையே குறிக்கும் என்பதை வெளியூர் வாசகர் அறிந்திருத்தல் நன்று. குண்டுவீச்சின் இலக்கு துறைமுகம். துறைமுகத்தின் வாசலில் வசித்தவர் இவர். கறுவாத்தோட்டத்துச் செல்வந்தர் மலைநாட்டு மாளிகைகளுக்கும், வெள்ளவத்தைக் குடும்பத்தினர் யாழ்ப்பாணத்துக்கும் சென்றது போல இவர்கள் செல்வதற்கு இலங்கையில் இடமில்லை. ஆதலால் அவர்கள் தலைமன்னாருக்குச் சென்றனர். அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல்.

துறைமுக வேலை முடங்கியது. நகரம் அப்பொழுதுதான் அவர்களை முதன்முறையாகக் கண்டது எனலாம். இதில் வரலாற்றின் கொடிய நகைச்சுவை ஒன்றுண்டு. மூன்றாண்டுகளுக்கு முன், 1939இல், அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியரை நீக்கி ஊருக்கு அனுப்பும் திட்டத்தை மந்திரிமார் நடைமுறைப்படுத்தினர். நேரு நேரில் வந்து பேசியும் பயன் விளையவில்லை. அதற்கு மறுமொழியாக இந்திய அரசாங்கம் 1939 ஓகஸ்டிலிருந்து இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. அதற்கும் முன்னர், முப்பதுகளின் நெருக்கடிக் காலத்தில், ஒருகாலத்திற் கொழும்புத் தொழிலாளரின் ஒப்பற்ற தலைவராயிருந்த ஏ. ஈ. குணசிங்கா மலையாளிகளுக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் எழுந்தபோது அதை இன அடிப்படையில் உடைக்க முயன்றார். அவ்வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்று சங்கம் அமைத்த இளைஞரே பின்னர் சமசமாஜக் கட்சியை நிறுவினர். வெள்ளவத்தைக்குள்ளும் ஒரு கொட்டாஞ்சேனை இருந்தது என்பதை அந்நெசவாலை நினைவூட்டுகிறது. இவ்வாறு 'மிகையானவர்' என்று பத்தாண்டு காலம் கூறப்பட்டு வந்த மக்கள், ஏப்ரல் 5க்குப் பின் 'இன்றியமையாதவர்' ஆயினர். அவர்களைத் தடுத்து வைக்கவும், அவர்களுடைய இடத்தை நிரப்பவும் அரசாங்கம் பெருமுயற்சி செய்தது. குடியியற் பாதுகாப்பு ஆணையாளராயிருந்த ஒலிவர் குணத்திலக்கவின் திணைக்களம் அத்தியாவசிய சேவைகளுக்கென ஒரு தொழிலாளர் படையைத் திரட்டியது. இலங்கையின் பிரதம தளபதியாக மார்ச் மாதத்தில் நியமிக்கப்பட்ட அட்மிரல் லேய்ட்டன் தேசாதிபதி கால்டிகொட்டையும் மேவிய அதிகாரம் பெற்றிருந்தார். அத்தியாவசிய சேவைகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் கட்டளையும் அதே 1942இல் வந்தது. இன்றியமையாதவர் என்று ஒருவனை ஒப்புக்கொண்டதன் முதல் விளைவு, அவன் வேலையை மறுக்கும் உரிமையைப் பறித்ததாகும்.

பிழைத்தலின் மறுபாதி உணவு. உண்மையில் இதுவே பெரும்பாதி. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பங்கு கடல் கடந்து வந்தது. அதிலும் பர்மாவே முதலிடம் வகித்தது. தேயிலைக்கும் றப்பருக்கும் நிலத்தை ஒப்புக்கொடுத்து, சோற்றை வெளியிலிருந்து வாங்கும் காலனித்துவப் பொருளாதாரம் நூறாண்டுகளாக வளர்த்த நிலைமை இது. இரங்கூன் வீழ்ந்த நாளில் அப்பொருளாதாரத்தின் அடித்தளம் ஒரே அடியிற் பெயர்ந்தது. கொழும்பில் விழுந்த குண்டுகளை விட இரங்கூனில் இறங்கிய காலாட்படை கொழும்புக்கு அதிக ஆபத்தானது என்று கூறின் அது மிகையாகாது.

அரிசி பங்கீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு புத்தகம், அதனுள் கூப்பன். 'கூப்பன் அரிசி', 'கூப்பன் கடை' என்னும் தொடர்கள் ஈழத்துத் தமிழில் நிலைபெற்றன. தனிவணிகர் பதுக்கிய இடத்தில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஊர்தோறும் தோன்றின. போருக்கு முன் விரலில் எண்ணத்தக்க அளவில் இருந்த நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கிற் பெருகின. 'சங்கக்கடை' என்று மக்கள் பெயரிட்ட அந்நிறுவனம் குண்டுவீச்சுக் காலத்தின் பிள்ளை. அரிசியின் அளவு குறைந்தபோது கோதுமை மா அதன் இடத்தை நிரப்பியது. பாண் என்னும் சொல் போர்த்துக்கேயரோடு வந்து நானூறாண்டுகள் ஆகின்றன. ஆயினும் ஏழையின் அன்றாட உணவாக அது வேரூன்றியது போர்க்காலத்திலேயே. யாழ்ப்பாணத்து அடுக்களையில் அரிசிமாப் பிட்டின் பக்கத்திலே கோதுமைமாப் பிட்டும் வந்தமர்ந்தது. பண்பாடு என்பது என்றும் மாறாத ஒன்று என எண்ணுவோர் ஒரு கப்பல் வராது போனால் இருபது மாதங்களில் ஒரு சமூகத்தின் நாக்கு எவ்வாறு மாறுகிறது என்பதைச் சிந்திக்கலாம்.

இவ்விடத்தில் வங்காளத்தை நோக்குதல் அவசியம். வங்காளமும் பர்மா அரிசியை இழந்தது. கல்கத்தாவும் 1942 டிசெம்பரிற் குண்டுவீச்சுக்கு உள்ளாகியது. ஆனால் 1943இல் அங்கே இருபது இலட்சத்துக்கும் முப்பது இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் மாண்டனர். பங்கீடு கல்கத்தா நகரத்துத் தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் காத்தது, கிராமத்தைக் காக்கவில்லை. அதே ஏகாதிபத்தியம், அதே போர், அதே அரிசி. இலங்கை ஏன் பிழைத்தது? பிரித்தானிய நிர்வாகத்தின் கருணையாலும் குணத்திலக்கவின் திறமையாலும் என்பது பாடப்புத்தக விடை. திறமையை மறுக்க வேண்டியதில்லை. அவர் திறமைமிக்க நிர்வாகியே. ஆனால் திறமைக்குக் கப்பல் ஒதுக்கப்படுவதில்லை. மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் போனபின் நேசநாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைக்கும் தலையாய இடம் இலங்கை. மரம் பட்டுப்போகும்வரை பால் வெட்டி எடுக்கப்பட்டது. இந்து சமுத்திரத்தில் அவர்களுக்கு எஞ்சிய பெருந் துறைமுகங்களும் இங்கேயே. றப்பர் வெட்டுபவனும் கப்பலில் மூட்டை சுமப்பவனும் உண்ணாவிட்டால் போர் நடவாது. இது ஒன்று. மற்றது, 1931இலிருந்து இத்தீவில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. மந்திரிமார் வாக்காளரை எதிர்நோக்க வேண்டியிருந்தது. கிராமத்தவனுக்கும் கூப்பன் போய்ச் சேர்ந்ததற்கு இவ்விரண்டாவது காரணம் சிறியதன்று. முதலாவது காரணம் ஏகாதிபத்தியத்தின் தேவை. இரண்டாவது மக்கள் போராடிப் பெற்றதும் பெறாததுமான ஓர் உரிமையின் விளைவு. இரண்டும் ஒரே திசையில் இழுத்த அரிய வேளை அது.

இடதுசாரி இயக்கம் இவ்வேளையில் எங்கு நின்றது என்ற கேள்வியை நாம் தவிர்த்தல் நேர்மையாகாது. 1940இல் சிறைப்பட்ட என். எம். பெரேரா, பிலிப் குணவர்தனா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் ஏப்ரலின் அதே முதல் வாரத்தில் காவலர் ஒருவரின் துணையோடு கண்டிச் சிறையிலிருந்து வெளியேறினர். அவர்களிற் சிலர் இந்தியா சென்று அங்கே வெள்ளையனே வெளியேறு இயக்கத்திற் கலந்தனர். சமசமாஜக் கட்சியிலிருந்து முன்னரே வெளியேற்றப்பட்டவர்கள், சோவியத் ஒன்றியம் 1941 யூனில் தாக்கப்பட்ட பின் இதனை மக்கள் யுத்தம் எனக் கொண்டு ஆதரித்தனர். 1943 யூலையில் இலங்கைக் கொம்யூனிஸ்ட் கட்சி உருவாயிற்று. இவ்விரு நிலைப்பாடுகளில் எது சரியென்ற விவாதம் நம் சஞ்சிகைகளிற் பல தலைமுறையாக நடந்து ஓய்ந்தது. இருசாராரும் போரை உலகளாவிய வர்க்கச் சமநிலையின் கண்கொண்டு நோக்கினர், அது தேவையானதே. ஆனால் கூப்பன் வரிசையில் நின்றவனையும் தலைமன்னார் மேடையில் மூட்டையோடு நின்றவனையும் ஒரே வர்க்கத்தின் இரு நிலைகளாகக் காட்டிய ஆய்வு அந்நாளில் போதியளவு எழவில்லை. வரிசையை ஒழுங்கு செய்யும் வேலை அதிகாரிகளிடம் விடப்பட்டது. அதன் அரசியற் பயனையும் அவர்களும் அவர்களுடைய மந்திரிமாருமே அறுவடை செய்தனர்.

இலக்கியத்திலும் இது பிரதிபலித்தது. 1914 செப்டெம்பரில் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையிற் சில குண்டுகளை வீசிவிட்டுப் போயிற்று. அக்கப்பலின் பெயர் இன்றும் தமிழிலும் சிங்களத்திலும் கைகாரனுக்கு ஒரு பெயராய் வழங்குகிறது. கொழும்பைத் தாக்கிய அகாகி, ஹிரியு முதலிய கப்பற் பெயர்கள் ஒன்றுகூட மொழியில் தங்கவில்லை. தங்கியவை கூப்பனும் சங்கக்கடையும். மக்களின் மொழி எதை நினைவிற் கொள்ளவேண்டும் என்பதை வரலாற்றாசிரியரை விடத் திறமையாகவே தெரிந்தெடுத்திருக்கிறது. தென்கிழக்காசியப் போர்க்களத்தையும் அங்கு அலைந்த தமிழரையும் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பெருநாவலாக்கிற்று. கொழும்புத் துறைமுகத்துத் தமிழனுக்கு அத்தகைய பெருநாவல் வாய்க்கவில்லை. 1942 யூலை 1இல், குண்டுவீச்சின் மூன்றாம் மாதத்தில், இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே தோன்றியது. 1943இல் சுவாமி விபுலானந்தர் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். நமது தமிழ்ச் சங்கங்களின் பரம்பரை அங்கிருந்தே தொடங்குகிறது. 1946இல் கே. கணேஷும் கே. இராமநாதனும் 'பாரதி' இதழைத் தொடங்கியபோது தொழிலாளன் தமிழ் எழுத்தினுள் நுழைய ஒரு வாசல் திறந்தது. அது திறந்த நகரம் மூன்றுமைல் தூரத்திலுள்ள துறைமுகத்தால் உணவூட்டப்பட்ட நகரம்.

போர் முடிந்தபோது கொழும்பு சுருங்கவில்லை. 1931 குடிமதிப்பில் 284,000 அளவிலிருந்த மாநகரத் தொகை 1946இல் 362,000 ஆயிற்று. ஓடியவர் திரும்பினர், புதியவர் வந்தனர். படைத்தளங்களும் பணிமனைகளும் வேலை கொடுத்தன. வாழ்க்கைச் செலவு போருக்கு முன்னிருந்ததைப் போல இருமடங்குக்கு மேலேறியது. 1946லும் 1947லும் பொது வேலைநிறுத்தங்கள் வெடித்தன. 1947 யூன் 5ஆந் திகதி பொலிசார் சுட்டதில் அரசாங்க லிகிதர் சேவைச் சங்கத்தைச் சேர்ந்த வி. கந்தசாமி உயிரிழந்தார். வெள்ளவத்தை வர்க்கமும் கொட்டாஞ்சேனை வர்க்கமும் ஆடிவேலின்றி ஒரே வீதியில் நின்ற நாள் அது. அவ்வொற்றுமை நீடிக்கவில்லை, நீடியாமற் செய்யும் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது.

பங்கீட்டு அரிசியின் கதையும் அங்கேயே முடியவில்லை. போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கியது மக்களின் உரிமையாக மாறிற்று. 1953இல் அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் நாட்டையே உலுக்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அவ்வரசில் நிதிமந்திரியாயிருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1951 செப்டெம்பரில், யப்பானுடன் சமாதான ஒப்பந்தம் செய்யும் பொருட்டுச் சன்பிரான்சிஸ்கோவிற் கூடிய மகாநாட்டில் அவர் இலங்கையின் சார்பிற் பேசினார். விமானத் தாக்குதலால் விளைந்த சேதம், பெரும்படைகள் தங்கியதால் விளைந்த சேதம், றப்பர் மரங்களை அளவுமீறி வெட்டியதால் விளைந்த சேதம் என மூன்றை எண்ணிக் கூறி, பகையைப் பகை தணிக்காது என்ற புத்தர் வாக்கின் வழியில் இவற்றுக்கு இலங்கை நட்டஈடு கோராது என்றார். யப்பான் அதனை இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறது. அப்பேச்சின் உயர்வை இக்கட்டுரையாளர் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் பெருந்தன்மை காட்டுபவர் யாருடைய இழப்பை மன்னிக்கிறார் என்று கேட்பது ஆய்வாளனின் கடமை. அங்கொடையில் இறந்த நோயாளரும் துறைமுகத்தில் உழைத்தவரும் அச்சேதப் பட்டியலிற் 'சேதம்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கினர். றப்பர் மரம் தனியே குறிப்பிடப்பட்டது.

ஹிரோஷிமாவிலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்தது. குண்டு விழுந்த மூன்றாம் நாள் அந்நகரத்தில் டிராம் வண்டி ஒரு பகுதியில் மீண்டும் ஓடியதை உலகம் பிழைத்தலின் அடையாளமாகப் போற்றுகிறது, போற்றத்தக்கதே. அக்குண்டில் மாண்டவருள் பல்லாயிரவர் கொரியர். காலனித்துவ ஆட்சியின் கீழ், போர்க்காலக் கட்டாய உழைப்புக்காகக் கொண்டுவரப்பட்டோரும் அவருள் அடங்குவர். அவர்களுக்கான நினைவுக்கல் 1970இல் சமாதானப் பூங்காவின் வெளியே எழுப்பப்பட்டது. உள்ளே இடம்பெற 1999வரை காத்திருந்தது.

கொழும்பின் இன்றியமையாதவருக்கு நிகழ்ந்தது வருமாறு. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரிற் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1949இன் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது: 1946 சனவரி 1க்கு முந்திய ஏழாண்டுகள், மணமாகாதோராயின் பத்தாண்டுகள், இந்நாட்டில் இடையறாது வதிந்ததை நிரூபிக்க வேண்டும். அந்த ஆண்டுகளின் நடுவிலே 1942 இருந்தது. குடிசையை விட்டுப் புகையிரதத்தைப் பிடித்த கூட்டத்தில், நாட்கூலித் துண்டையும் வாடகைச் சீட்டையும் பத்திரமாக எடுத்துச் சென்றவர் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும்? மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளனுக்காவது தோட்டத்துப் பதிவேடு இருந்தது. நாளுக்கொரு கங்காணியின் கீழ் நின்ற துறைமுகத்தவனுக்குப் பதிவேடு எது? இச்சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ 134,000 பேர் குடிமக்களாயினர். 1964 ஒக்ரோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. எழுபதுகளில் அவர்கள் தலைமன்னார் மேடைக்கு வந்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு கப்பலுக்குக் காத்திருந்தனர். தனுஷ்கோடி 1964 டிசெம்பர்ப் புயலில் அழிந்துவிட்டபடியால், இம்முறை கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போயிற்று.